கோர்த்துக் கட்டுவோம்

காஞ்சிபுரத்தில் வீடு கட்டப் பணம் சேர்ப்பவர்கள், கட்டிக்கொடுக்கும் கொத்தனார்கள், தறி போட இடம் தேடும் நெசவாளர்கள் எல்லோரும் கூடி இதை அறிவிக்கிறோம். கொட்டி இறுக்கி, முப்பது நாற்பது ஆண்டில் உடைத்து அள்ளும் கட்டடம் இந்த ஊருக்கு வேண்டாம். துண்டுகளாகச் செய்து, கோர்த்து நிறுத்தி, தேவைப்பட்டால் கழற்றி வேறிடத்தில் நிறுத்தக்கூடிய கட்டடம் வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் நாட்டு ஓடும் மரத்தூணும் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அந்த மனைகளில் சென்ட்ரிங் அடித்துத் தளம் போடுகிறார்கள். பாலாற்று மணலை அள்ளித் தீர்த்தோம். இப்போது உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துப் பாறைகள் ஜல்லியாகவும் எம் சாண்டாகவும் லாரி ஏறுகின்றன. சிமெண்டின் கணக்கு இன்னும் கனமானது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிபொருளின் புகையைவிட, அந்தக் கல் தன்னுள் வைத்திருந்த கரியமில வாயுவே அதிகம் வெளியேறுகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. மனிதர்கள் காற்றில் விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருவது. ஆகவே சிமெண்டையே குறைக்க வேண்டும்.

துண்டுகளைக் கோர்க்கும் வேலை எங்களுக்குப் புதிதல்ல. காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு இழையிலும் உடலையும் கரையையும் பிணைப்பதுதான் கோர்வை. வேறு நிற முந்தானையைச் சேர்ப்பது பிட்னி. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலையின் பெருமையே அந்த இணைப்புகளில்தான் இருக்கிறது. கைலாசநாதர் கோயிலை ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பியபோதும் கல்லை அளந்து செதுக்கி அடுக்கினார்கள். இணைப்பு சரியாக இருந்தால் கட்டடம் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் பிரீகாஸ்ட் முறையில், அதாவது முன்பே வார்த்த துண்டுகளைப் பொருத்தி, எழுந்தன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று திறந்தார்கள். பாராட்டுகிறோம். ஆனால் அது திறந்த நிலம். பெரிய கிரேன் வந்து நிற்கும். எங்கள் தெருவில் பாவு விரித்தால் சைக்கிள் போவதே கடினம். மேலும், பிரீகாஸ்ட் என்று பெயர் வைத்ததாலேயே கார்பன் குறைந்துவிடாது. கனத்த சுவரைத் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவந்தால் மிச்சப்பட்டது டீசலில் போய்விடும். இதை மறைத்து நாங்கள் யாரையும் அழைக்கமாட்டோம்.

எங்கள் தெருவுக்கு ஏற்றது சின்னத் துண்டு. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு வழி காட்டியது. சிறு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் 30 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் வரை நீளமும் உள்ள பலகைகளை அடுக்குவது. ஒரு பலகையை இரண்டு பேர் தூக்கலாம். உத்தரத்துக்குச் செயின் பிளாக் போதும். கீழே முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் வேண்டாம், கான்கிரீட்டும் கம்பியும் குறையும். சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்டவை ஆராய்ந்த எல்.சி.3 சிமெண்டில், சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும், சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கரில் கிட்டத்தட்டப் பாதிக்கு மாற்றாகின்றன. வழக்கமான சிமெண்டைவிட 30 முதல் 40 சதவீதம் வரை கரியமில வாயு குறையும். அதில் பலகை வார்த்தால் பலன் இரட்டிப்பு.

பலகை வார்க்கும் அச்சுதான் செலவு. தனி ஆள் வாங்கினால் கட்டாது. நூலையும் ஜரிகையையும் கூட்டுறவுச் சங்கம் வைத்து வாங்கி வாழ்ந்த ஊர் இது. அச்சையும் அப்படியே வாங்குவோம். ஊரோரம் ஒரு களம், பொது அச்சுகள், தினக்கூலிக்கு அலையாமல் நிழலில் வேலை செய்யும் கொத்தனாரும் சித்தாளும். சித்தாளாக வரும் பெண்களுக்கு வார்ப்பு வேலையில் முழுப் பயிற்சியும் கொத்தனார் கூலியும் தரவேண்டும் என்பதில் நாங்கள் இறங்கிவரமாட்டோம். களத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு துண்டிலும் எடையும் சிமெண்டு அளவும் எழுதியிருக்கும். வீட்டின் நடுவே குழித்தறிக்கு இடம் விட்ட பிறகே உத்தரத்தின் அளவு முடிவாகும். மாநகராட்சியிடம் ஒன்று கேட்கிறோம்: அடுத்த அங்கன்வாடியையும் அடுத்த ரேஷன் கடையையும் இம்முறையில் கட்டிக்காட்டுங்கள்.

களம் அமையும்வரை காத்திருக்கமாட்டோம். பழைய வீடு இடிபடப்போகிறது என்று தெரிந்தால், கடப்பாரை விழுவதற்கு முன்பே சுண்ணாம்புக் கட்டியும் நோட்டுமாக வாசலில் நிற்போம். கோயில் மண்டபத்தைப் பிரித்துக் கட்டும்போது கல்லுக்குக் கல் எண் எழுதுவார்கள். அதேபோலத் தூண், நிலை, உத்தரம், கல்படி எல்லாவற்றிலும் எண் எழுதுவோம்.