ஒரு நாளைக்கு இரண்டு படம்

ஜனவரி பிறந்தால் பெண்களுக்கு அறிவுரை பிறந்துவிடுகிறது. போனைக் கீழே வையுங்கள், பத்தாயிரம் அடி நடங்கள், மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், ஞாயிற்றுக்கிழமை 'டிஜிட்டல் நோன்பு' இருங்கள். வார இதழ்களின் மகளிர் பக்கமும் யூடியூப் மருத்துவர்களும் கல்லூரி மகளிர் மன்றங்களும் இதையே சொல்கின்றன. சொல்லட்டும். கழுத்துவலியும் தூக்கமின்மையும் பொய்யல்ல. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் வரும் துறைச் சுற்றறிக்கைக்குப் பதில் போடும் எந்த ஆசிரியைக்கும் அது தெரியும். என் சண்டை வேறு. தொழில்நுட்பம், வேலை, உடல்நலம் என்று பேசத் தொடங்கியதும், போனைக் கீழே வைக்க முடிகிறவளை மட்டுமே பெண் என்று எண்ணிக்கொள்கிறோமே, அதோடுதான் என் சண்டை.

திருக்கடையூரில் நின்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். மார்க்கண்டேயனுக்காக எமன் உதைபட்ட ஊர். ஆயுளுக்கு இங்கே மதிப்பு அதிகம். அறுபது, எழுபது, எண்பது என்று சாந்தி செய்துகொள்ள ஆண்டு முழுவதும் கார்கள் வந்தபடி இருக்கின்றன. எண்ணப்படுவது கணவனின் வயது. அவருக்கு அறுபது நிறைந்தால் அவளுக்கு மறுபடி ஒரு தாலி. அவளுடைய அறுபதுக்கு மண்டபம் கிடையாது. அபிராமி பட்டர் அம்மையிடம் கேட்ட பதினாறு பேறுகளில் நோயில்லாத உடல் உண்டு, செல்வமும் உண்டு. கூலி இல்லை. (தமிழ் படித்தவளுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.)

கோயில் வீதியைத் தாண்டினால் கடைமடை வயல்கள். இந்தப் பகுதியின் வாய்க்கால்களிலும் குளங்களிலும் நூறு நாள் வேலை பார்க்கும் பெண்களால் போனைக் கீழே வைக்க முடியாது. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் வேலைநாட்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் பெண்களுடையவை என்பதை நினைவில் வையுங்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான பணிகள் தவிர எல்லா இடங்களிலும் என்.எம்.எம்.எஸ். என்ற செயலியில்தான் வருகைப்பதிவு. ஒரு நாளைக்கு இரண்டு படம். நேரமும் இடமும் படத்தோடு பதிவாகும். முதல் படம் காலையில்; இரண்டாவது, நான்கு மணி நேரம் கழித்து. எடுப்பவர் பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் அதே தெருப் பெண். போன் அவளுடையது, ரீசார்ஜ் அவளுடையது, சிக்னல் கிடைக்காவிட்டால் ஏச்சும் அவளுக்கே.

அந்த நான்கு மணி நேரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். மண்வேலைக்குக் கூலி, வெட்டிய மண்ணை அளந்து தரப்படுவது. குறித்த அளவை விடியற்காலையிலேயே வெட்டி முடித்தவள் வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம். இப்போது அளவு முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். ஒன்று அளந்து கூலி கொடுங்கள், அல்லது நேரத்துக்குக் கூலி கொடுங்கள். இவள் இரண்டுக்கும் கட்டுப்பட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

செயலி கேட்பது ஆட்களின் படத்தை. நிழற்கூரையின் படத்தை அல்ல. பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவி வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த மூன்று லிட்டர் தண்ணீர் அறிவுரையை வாய்க்கால் கரைக்கு வந்து சொல்லிப் பாருங்கள். ஒதுங்க இடமில்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துத்தான் குடிக்கிறார்கள். நீர்க்கடுப்பும் மயக்கமும் பிறகு அவளுடைய 'கவனக்குறைவு' ஆகிவிடும்.

சரி, இந்தக் கண்காணிப்பு திருட்டையாவது நிறுத்தியதா? படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அது கண்ட தீர்வு, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் சரிபார்க்க வேண்டும் என்பது. ஏமாற்ற வழி தெரிந்தவர்களுக்குச் செயலி தடையாக இல்லை. வெயிலில் நிற்பது மட்டும் மிச்சம்.

"மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள், இவர்களுக்கு எதற்குக் கூலி" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் கேட்டிருக்கிறேன். கேட்டவர் கையில் போன் இருந்தது, ரீல்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. உழைக்கும் பெண்கள் சேர்ந்து உட்காரும் காட்சி இந்தச் சமூகத்தை இவ்வளவு உறுத்துவானேன்? கூலி என்ன, யாருக்கு வரவில்லை, யார் வீட்டில் அடி விழுந்தது என்பதெல்லாம் பேசப்படும் இடம் அந்த மரத்தடிதான்.

அடுத்த புத்தாண்டுப் பரிசு 2024 ஜனவரி 1இல் வந்தது. ஆதார் வழியாகத்தான் கூலி. வேலை அட்டையும் ஆதாரும் வங்கிக் கணக்கும் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு பெண்ணின் பெயர் எங்கே பொருந்தும்? ஒன்றில் அப்பாவின் முதலெழுத்து, மற்றொன்றில் கணவனின் முதலெழுத்து. பெயரில் ழகரம் இருந்தால் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். கல்யாணம் அவள் பெயரில் செய்த மாற்றத்துக்குக் கணினி அவளைச் சந்தேகப்படுகிறது. பொருந்தினாலும், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். அது எந்த வங்கி என்று கேட்டு அலைவது கூலியில்லாத இன்னொரு வேலை.

2025 பொங்கலுக்குக் கூலியே இல்லை. முந்தைய நவம்பர் கடைசியிலிருந்து பாக்கி நின்றது; 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கோரி ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அப்போது தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். பதினைந்து நாளுக்குள் தர வேண்டும். பதினாறாம் நாளுக்குப் பிறகு தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 319 ரூபாய்க்கு ஒரு நாளைக்குப் பதினாறு காசு. ஒரு மாதம் தாமதித்தால் ஐந்து ரூபாய்கூடத் தேறாது. இவள் படத்துக்குத் தாமதமாக வந்தால் அன்றைய கூலி போச்சு. அரசு தாமதித்தால் பதினாறு காசு. கருவூலத்தைக் காலையும் மாலையும் படமெடுக்க ஒரு செயலியை யாரும் செய்யவில்லையே, ஏன்?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. புதியதன் பெயரை முழுதாக உச்சரிக்க எனக்கே இரண்டு மூச்சு தேவைப்படுகிறது. 'விபி ஜி ராம் ஜி' என்கிறார்கள். நூறு நாள் 125 நாள் ஆகும் என்பது விளம்பரம். செலவில் நாற்பது விழுக்காடு தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களின் தலையில். உடலடையாளப் பதிவும் செயற்கை நுண்ணறிவும் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் அறுபது நாள் இந்த வேலை நடக்காது. எந்த அறுபது நாள் என்று மாநிலம் முன்கூட்டியே அறிவிக்கும். வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம்.

டெல்டாவில் வயலுக்கு யாரை அழைக்கிறார்கள்? சம்பா அறுவடைக்கு பெல்ட் வண்டி இறங்குகிறது, வாடகை மணிக்கணக்கில். நடவுக்கு எந்திரம், கடைமடையில் பல இடங்களில் நேரடி விதைப்பு, அங்கே நடவே இல்லை. களைக்கு மருந்து. முதுகு ஒடியக் குனிந்து நட்டதைப் புனிதம் என்று நான் கவிதை எழுத மாட்டேன், எந்திரம் வரட்டும். ஆனால் வண்டி ஓட்டுநர் ஆண், வண்டியின் சொந்தக்காரர் ஆண், மிச்சமான கூலி நில உடைமையாளர் கையில். நாற்று முடி பிடித்தவளுக்குக் கிடைத்த மாற்று வேலை இந்த நூறு நாள்தான். எந்திரம் வயலில் ஓடும் அறுபது நாளும் அவள் வயலிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை என்றால் அடுப்பு எதில் எரியும்?

2023 பிப்ரவரியில் தொடங்கி, செயலிக்கும் ஆதார் கட்டாயத்துக்கும் எதிராகத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் நடத்தினார்கள். நம் பெண்ணிய மேடைகளில் அதைப் பற்றி எத்தனை கூட்டம் நடந்தது? மாணவிகளைக் கேட்கிறேன், உங்களில் பலருடைய அம்மாவும் அத்தையும் அந்த இரண்டு படங்களில் இருக்கிறார்கள். ஜனவரி 26 கிராமசபைக்கு அவர்களோடு போங்கள். நிழலுக்கும் குழந்தைகளைப் பார்ப்பவளின் கூலிக்கும் என்ன செலவானது, தாமத இழப்பீடு யாருக்கு எத்தனை காசு வந்தது, நம் ஊருக்கு எந்த அறுபது நாள் என்று கேளுங்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். எழுதி முடித்து வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே வாங்கிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.