இல்லமும் இயந்திரமும்: இருக்கையின் கீழே ஒரு பெட்டி



இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மாவரைக்கும் இயந்திரத்தையோ, குளிர்பெட்டியையோ, தண்ணீர் ஏற்றும் மோட்டாரையோ பற்றியனவாக இருக்கும். சென்ற மாதம் தில்லியிலிருந்து வந்த கடிதம் ஒன்று சற்று வேறானது. எழுதியவர் அறுபதைக் கடந்த ஒரு தாயார். கணவர் காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் காலையில் அலுவலகம் சென்றால் இருட்டிய பின்னரே திரும்புகின்றனர். காய்கறி, மருந்து, பேத்தியின் பள்ளிக்கூடம் ஆகிய எல்லாவற்றிற்கும் அவ்வம்மையார் தம் மின்சார ஸ்கூட்டரிலேயே சென்று வருகிறார். ஓட்டுவதில் அவருக்கு யாதொரு சிரமமும் இல்லை. “இருக்கையைத் தூக்கி, அதன் கீழுள்ள டிக்கியிலிருந்து பையை எடுப்பதுதான் முடியவில்லை. வலத் தோள் உயர மறுக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைப் பையனையோ காவற்காரரையோ அழைக்க வேண்டியிருக்கிறது. வண்டியை விற்றுவிடலாம் என்கிறான் மகன். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்பது கடிதத்தின் சாரம்.

விற்க வேண்டாம் என்பதே நம் விடை. பிறந்த ஊரை விட்டு வந்து, மொழி வேறான ஒரு நகரில், முதுமைக் காலத்தில் பிறர் துணையை எதிர்பாராமல் கடைவீதிக்குப் போய் வருவது சிறிய உரிமையன்று. ஒரு பெட்டியின் மூடியை முன்னிட்டு அதனைக் கைவிடுவது தகாது. ஆயினும் இத்தொல்லை அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதால், அதன் காரணத்தையும் மாற்றையும் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

1946-ஆம் ஆண்டு இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டர் பிறந்தபோது, எஞ்சின் பின்சக்கரத்தின் வலப் பக்கத்தில் அமைந்தது. நம் நாட்டில் 1972-இல் வெளிவந்த பஜாஜ் சேத்தக்கும் அவ்வழியில் வந்ததே. அதன் இடப் பக்கத்து உறையைத் திறந்தால் ஒரு டிக்கி. ஓட்டுபவரின் முழங்காலுக்கு எதிரே பூட்டுடன் கூடிய ஒரு சிறு பெட்டி. இரண்டும் அளவில் சிறியவையே. ஆனால் முன்பெட்டியைத் திறப்பதற்கு இருக்கையை விட்டு எழ வேண்டுவதில்லை. பின்னால் அமர்ந்திருப்பவரை எழுப்பவும் வேண்டுவதில்லை.

பிறகு கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர்கள் பெருகின. பெட்டி இருக்கையின் கீழே இடம் பெயர்ந்தது. 2001-இல் வந்த ஹோண்டா ஆக்டிவாவும் இவ்வகையினதே. அவ்வரிசை வண்டிகளில் ஏறத்தாழ 18 லிட்டர் இடம் உண்டு. பொருள் நனையாது, திருட்டுப் பயமும் குறைவு. ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டுமாயின் இறங்க வேண்டும், பின்னிருப்பவரும் இறங்க வேண்டும், இருக்கையின்மேல் வைத்த மூட்டையையும் இறக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாயும் அக்காலத்தில் இருக்கையின் கீழேயே இருந்தபடியால், எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் இதே சடங்குதான். 2020-இல் வெளியான ஆக்டிவா 6ஜி வண்டியில் அவ்வாய் வெளிப்புறத்தில் அமைந்தது.

மின்சார ஸ்கூட்டரில் எஞ்சினும் இல்லை. பெட்ரோல் தொட்டியும் இல்லை. கனமான பாட்டரியைக் கால் வைக்கும் தளத்தின் கீழே கிடத்திவிட்டால், இருக்கையின் கீழ் உள்ள இடத்திற் பெரும்பகுதி நமக்கே கிடைத்துவிடுகிறது. 2018-இல் வந்த ஏதர் 450 வண்டியில் 22 லிட்டர் இடம் இருந்தது. 2021-இல் ஓலா எஸ்1 புரோ 36 லிட்டருடன் வந்தது. 2023-இல் ரிவர் இண்டி 43 லிட்டரை எட்டியது. 2024 ஏப்ரலில் வந்த ஏதர் ரிஸ்டாவின் அளவு 34 லிட்டர். அவ்வாண்டு டிசம்பரில் மின்சாரச் சேத்தக்கின் புதிய வரிசையிலும் பாட்டரி தளத்தின் கீழே சென்றது. பெட்டி 35 லிட்டர் ஆயிற்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுபவர், பின்னிருப்பவர் இருவருமே தலைக்கவசம் அணிய வேண்டும் என்று விதிப்பதால், இரு கவசங்களையும் எங்கே வைப்பது என்ற கவலை உள்ள குடும்பங்களுக்கு இவ்வளர்ச்சி நற்செய்தியே.

ஆனால் லிட்டர் என்பது தண்ணீரை அளக்கும் கணக்கு. நம் வீட்டுப் பொருள்கள் தண்ணீரைப் போலப் பாத்திரத்தின் வடிவுக்கு அடங்குவன அல்ல. தில்லி ஐ.என்.ஏ. சந்தையிலோ, பம்பாய் மாதுங்காக் கடைவீதியிலோ ஊர் நினைவுடன் வாங்கிய முருங்கைக்காயை 34 லிட்டர் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முருங்கைக்காய் வளைந்துகொடுக்காது, வாழையிலைக் கட்டும் மடங்கிக்கொடுக்காது. அன்றியும், பெட்டி பெரிதாகும்போது பெரும்பாலும் ஆழமே கூடுகிறது. அடியிலுள்ள பொருளை எடுக்க, கையை முழுவதும் நீட்டி, இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். 5 கிலோ எடையுள்ள பையை உடலிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் தூக்குவதற்கும், 50 சென்டிமீட்டர் தொலைவில் தூக்குவதற்கும் வேறுபாடு உண்டு. எடை ஒன்றே, ஆனால் தோளின்மீதும் முதுகின்மீதும் அது செலுத்தும் சுமை இரு மடங்காகிறது. இதனுடன் மற்றொரு கை இருக்கையைத் தாங்கிக்கொண்டிருக்குமாயின் துன்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. கொள்ளளவைப் பெரிய எழுத்தில் அச்சிடும் விளம்பரங்கள் கை எட்டும் அளவைச் சொல்வதில்லை.

பாட்டரியைக் கழற்றி மாற்றும் வண்டிகளில் நிலை வேறு. 2024 நவம்பரில் ஹோண்டா அறிமுகம் செய்த மின்சார ஆக்டிவாவில் தலா 1.5 கிலோவாட்-மணி திறனுள்ள இரு பாட்டரிகள் இருக்கையின் கீழேயே அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கிலோ. நிலையத்தில் நொடிப் பொழுதில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நன்மை. சாமான் வைக்கும் பெட்டியை மறந்துவிட வேண்டும் என்பது அதன் விலை. கழற்றும் பாட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் மின்னேற்றும் வண்டியானால், இரவுதோறும் அதனைக் குனிந்து எடுத்து மாடி ஏற்றப்போவது யார் என்பதைக் குடும்பத்தில் முன்னரே பேசி முடிவு செய்வது நலம்.

இனிப் பூட்டைக் கவனிப்போம். இன்றைய வண்டிகள் பலவற்றில் பொத்தானை அழுத்தினாலோ, கைப்பேசியில் தொட்டாலோ இருக்கை திறக்கிறது. இதனை இயக்குவது பெரிய பாட்டரி அன்று. பல வண்டிகளில் 12 வோல்ட் சிறு பாட்டரி ஒன்று இதற்கென உண்டு. கோடை விடுமுறையில் நாம் ஒரு மாதம் ஊருக்குச் சென்றுவிடுகிறோம். வண்டி அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. சிறு பாட்டரி மெல்ல மெல்ல வற்றிவிட்டால், திரும்பி வந்து பொத்தானை அழுத்துகையில் பூட்டு அசையாது. மின்னேற்றும் சார்ஜரோ அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்! ஆகையால் ஊருக்குப் புறப்படுமுன் சார்ஜரை எடுத்து வீட்டில் வையுங்கள். மின்சாரமின்றி இருக்கையைத் திறப்பதற்கு உங்கள் வண்டியில் சாவித் துளை உண்டா, இழுகம்பி உண்டா, அது எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்து, ஒருமுறை திறந்தும் பழகுங்கள். மாற்றுச் சாவி ஒருபோதும் பெட்டிக்குள் இருத்தலாகாது.

அம்மையாருக்கும் அவரைப் போன்றோருக்கும் நாம் கூறும் யோசனைகள் எளியவை.

முதலாவது, பெட்டிக்குள் பொருள்களைத் தனித்தனியே போடாதீர்கள். பெட்டியின் நீள அகலத்துக்கு ஏற்ப, கெட்டித் துணியில் நீண்ட பிடியுள்ள இரு பைகளைத் தைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே பொருள்களை இரண்டிலும் சமமாகப் பங்கிட்டு, பிடிகள் மேலே கிடக்குமாறு வையுங்கள். வீட்டில் அடிவரை கையை நீட்ட வேண்டாம். பிடியைப் பற்றி ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். 6 கிலோவை ஒருமுறை தூக்குவதைவிட 3 கிலோவை இருமுறை தூக்குவது தோளுக்கு நல்லது.

இரண்டாவது, நிற்கும் முறை. சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற வலிமையில்லாதவர் பக்க ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டி சாய்ந்திருக்கும் இடப் பக்கத்தில், உடல் பெட்டியை ஒட்டியவாறு நிற்க வேண்டும். வலியில்லாத கையாலேயே இருக்கையைத் தூக்குங்கள். சில வண்டிகளில் இருக்கையை முழுவதும் தூக்கினால் அது தானே நிற்கும். பாதியில் விட்டால் கைமேல் விழும். தானே நில்லாத இருக்கையானால், விற்பனை நிலையத்தாரிடமே அதற்கு ஏற்ற தாங்கி உண்டா என்று கேளுங்கள். தெருமுனை மெக்கானிக்கைக் கொண்டு துளையிட்டுக் கம்பி பொருத்துவது கூடாது. உள்ளே மின்கம்பிகள் ஓடுகின்றன, உத்தரவாதமும் போய்விடக்கூடும்.

மூன்றாவது, வைக்கும் வரிசை. முதலில் தேவைப்படுவதைக் கடைசியில் வைக்க வேண்டும். மழைக்கோட்டு அடியில் கிடந்தால், அதனை எடுப்பதற்குள் மற்றவையெல்லாம் நனைந்துவிடும். அன்றாடம் பலமுறை எடுக்கும் சிறு பொருள்களுக்கு முன்புறக் கொக்கியையும் முன்பெட்டியையும் பயன்படுத்துங்கள். கொக்கியின் அருகில் குறித்துள்ள எடைக்கு மேல் மாட்ட வேண்டாம். கைப்பிடி திரும்பும்போது பை தடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பெட்டியில் வைக்கலாகாதவை. எஞ்சின் இல்லாததால் சூடு இருக்காது என்று சிலர் எண்ணுகின்றனர். மே மாதத்து வட இந்திய வெயிலில் நிற்கும் வண்டியின் கரிய இருக்கைக்கு எஞ்சின் வேண்டுவதில்லை. நீரிழிவுக்கான இன்சுலின் மருந்தைத் திறக்குமுன் 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பது விதி. வெயிலில் நின்ற பெட்டிக்குள் அது வீரியம் இழக்கும். பார்வைக்கு மருந்து மாறாமலே இருக்கக்கூடும். பலன் மட்டும் குறைந்துவிடும். மருந்துக் கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வாருங்கள். கைப்பேசியையும், தீப்பற்றும் வாசனைத் தெளிப்பான்களையும் அங்கே விட்டு வைக்காதீர்கள்.

புதிதாக வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்குப் போகும்போது உங்கள் தலைக்கவசத்தையும், காய்கறிப் பையையும், வீட்டிலேயே உயரம் குறைந்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் திறந்து காட்டுவதைப் பார்ப்பதோடு நில்லாமல், அவரே ஒரு கையால் திறந்து, 5 கிலோப் பையை வைத்து, மூடி, மறுபடி எடுக்கட்டும். இருட்டில் உள்ளே விளக்கு எரிகிறதா? இருக்கை தானே நிற்கிறதா? மூடுவதற்கு ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறதா, உள்ளங்கையால் அழுத்தினால் போதுமா? மின்னேற்றும் துளை வெளியே இருக்கிறதா, அதற்காக இரவுதோறும் இருக்கையைத் தூக்க வேண்டுமா? இக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்னர் லிட்டர் கணக்கைக் கேட்டால் போதும்.

ஏதர், டி.வி.எஸ். ஐக்யூப் வண்டிகள் ஓசூரில் உருவாகின்றன. ஓலாவின் தொழிற்சாலையும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியை அடுத்தே இருக்கிறது. தில்லியிலும் புனாவிலும் நம்மவர் ஓட்டும் வண்டிகளிற் பல நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே வருகின்றன என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. அம்மகிழ்ச்சியோடு ஒரு வேண்டுகோளையும் விடுக்கிறோம். இருக்கையை மெல்ல உயர்த்தி நிறுத்தும் ஒரு தாங்கி, அரை ஆழத்தில் எடுத்து மாட்டத்தக்க ஒரு தட்டு, ஒரு சிறு விளக்கு, மின்சாரமின்றித் திறக்க ஒரு சாவித் துளை ஆகிய இந்நான்கும் பெரிய விஞ்ஞானம் வேண்டுவன அல்ல. முன்பெட்டியை மீண்டும் கொண்டுவந்திருப்போரைப் பாராட்டுகிறோம்: இண்டியில் 12 லிட்டர் முன்பெட்டி உண்டு, ரிஸ்டாவில் 22 லிட்டர் முன்பையைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். சேத்தக்கின் பழைய முன்பெட்டி தந்த சௌகரியம் இவ்வாறு திரும்பி வருவது நல்ல அறிகுறி.

வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் தத்தம் அனுபவத்தை எழுதினால், பயனுள்ளவற்றைத் தொகுத்து இப்பகுதியில் வெளியிடுவோம். உற்பத்தியாளர்களுக்குச் சங்கத்தின் சார்பில் அனுப்பும் கடிதத்திலும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.