ரெட் அலர்ட்னா லீவா?

மழைக்காலம் வந்தால் நம்ம பள்ளியில் அதிகம் புழங்கும் ஆங்கில வார்த்தை 'ரெட் அலர்ட்'. கணக்கு டெஸ்டுக்குக்கூட ரெட் அலர்ட் விடுகிறார்கள் சிலர். (கணக்கு டீச்சர் மன்னிக்கவும்.) சிரிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாம் இருப்பது பூந்தமல்லியில். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மாதிரி வார்த்தைகளை அர்த்தம் தெரிந்துதான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

வானிலை மையம் மஞ்சள் என்றால், கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால், தயாராக இரு. சிவப்பு என்றால், நடவடிக்கை எடு. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்றால் சிவப்பு கொடுக்கிறார்கள். அந்த 'பெய்யக்கூடும்' நம்ம காதில் விழுவதே இல்லை! 2024 அக்டோபர் 16-க்கு சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் முன்கூட்டியே கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அன்றைக்கு சென்னையில் எதிர்பார்த்த மழை இல்லை. உடனே "சும்மா பயமுறுத்துறாங்கப்பா" என்று கேலி. காரை மேலே ஏற்றியவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

இதைவிட ஆபத்தான வார்த்தை 'பிரீச்'. ஷட்டரைத் திறந்து உபரி நீரை விடுவது 'சர்ப்ளஸ்'. கரை உடைந்தால் மட்டும்தான் 'பிரீச்'. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட 68, ஒவ்வொரு விநாடியும்! அடையாற்றில் வெள்ளம் வந்தது உண்மை. ஆனால் ஏரி உடையவில்லை. இருந்தும் உடைந்துவிட்டதாக வதந்தி பரவியது. ஷட்டர் திறக்கிறார்கள் என்றால் ஆற்றோரம் இருப்பவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போகலாம். ஏரி உடைஞ்சிடுச்சு என்றால்? படுக்கையில் இருக்கும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது?

டி.வி.யில் கேட்ட ஆங்கில வார்த்தை சந்தேகமாக இருந்தால், வீட்டில் தமிழிலேயே சொல்லுங்கள்: "ஷட்டர் திறந்திருக்காங்க, விநாடிக்கு இத்தனை கன அடி." அந்த 'விநாடிக்கு' என்பதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. லீவு விடுவது வானிலை மையம் இல்லை, கலெக்டர்!

– ஒரு மாணவி, 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு