கியர் வண்டி என்றால் ஆண்களுக்கு மட்டுமா?

சமீபத்தில் பக்கத்து வீட்டுப் பெண் டூவீலர் லைசென்ஸ் எடுக்கப் போனாள். துணைக்கு நானும் போயிருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் இருந்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லேடீஸ்தானேம்மா... கியர் இல்லாத வண்டிக்கே போட்டுடறேன்" என்று பாரத்தை எழுத ஆரம்பித்துவிட்டார். "கியர் வண்டிக்குப் போட்டா என்ன சார்?" என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று ஒரு சிரிப்பு!

சகோதரிகளே, கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தால் அதை மட்டும்தான் ஓட்டலாம். கியர் வண்டிக்கு எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் காத்திருப்பதும், எட்டு போட்டுக் காட்டுவதும் இரண்டுக்கும் ஒன்றுதான். அப்புறம் எதற்கு நமக்கு மட்டும் பாதி லைசென்ஸ்?

எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். பைக் நாள் முழுக்க வாசலில் சும்மா நிற்கும். பெண்டாட்டிக்கென்று தனியாக ஒரு ஸ்கூட்டர் வாங்க எல்லோராலும் முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு மழைக்கால ராத்திரி மாமியாருக்கு இரைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் தீர்ந்து போயிருந்தது. அவருக்கு நைட் ஷிப்ட். ராத்திரியில் திறந்திருக்கும் மருந்துக் கடைக்கு மழையில் நடந்து போய் வர முக்கால் மணி நேரம். சாவி ஆணியில் தொங்குகிறது, பைக் வாசலில் நிற்கிறது! மூச்சு சீரானதும் மாமியாரே கேட்டார்: "ஏம்மா, அந்த வண்டிய நீ எடுக்கக் கூடாதா?"

எல்.எல்.ஆர். போட்டுக் கற்றுக்கொண்டேன். கணவரிடம் இல்லை! (அவர் பின்னால் உட்கார்ந்து கத்துகிற கத்தில் இருக்கிற தைரியமும் போய்விடும். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.) கொழுந்தனார்தான் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு நாள் வெறும் கிளட்ச் மட்டும்தான். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை நூல் நூலாக விட வேண்டும். ஓர் இடத்தில் வண்டி தானாக லேசாக நகரும். அந்த இடம் விரலுக்குப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விட்டது என்று அர்த்தம். படக்கென்று விட்டால் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். இது பொம்பளை என்பதால் இல்லை, ஆம்பிளைக்கும் அப்படித்தான் நிற்கும்.

"காலைப் பார்க்காதீங்க அண்ணி, சத்தத்தைக் கேளுங்க" என்பார். இன்ஜின் கத்தினால் அடுத்த கியர் போட வேண்டும். முக்கினால், உதறினால் ஒரு கியர் குறைக்க வேண்டும். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டே குக்கர் விசிலை எண்ணுகிற நமக்கு இது பெரிய வித்தையா? வண்டி நிற்கும்போது கியரைக் குறைத்துக்கொண்டே வந்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் நியூட்ரல் தெரிந்துவிடும். ஒரு விஷயம், எல்லா வண்டிக்கும் கியர் ஒரே மாதிரி இல்லை. சிலதில் எல்லாமே முன்பக்கம் அமுக்க வேண்டும். சிலதில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. வேறு வீட்டு வண்டியை எடுத்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கியர் மாற்றினால் விரல் நோகும், வழுக்கும். துப்பட்டாவைப் பின்னால் இறுக்கி முடிந்துவிடுங்கள்.

"கனமாச்சே, தூக்கி நிறுத்த முடியுமா?" என்பார்கள். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிக்கும் ஆக்டிவாவுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே நூறு கிலோவுக்குச் சற்று மேல்தான்.

2018-ம் வருடம் ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்பில், எல்லைப் பாதுகாப்புப் படைப் பெண்கள் நம்ம சென்னை கம்பெனியின் புல்லட்டில் நின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் சாகசம் செய்ததை டி.வி.யில் பார்த்துக் கை தட்டினோம். அதற்கடுத்த மாதம், பிப்ரவரி 24-ல், சென்னையில் அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். நல்ல உதவிதான், நிறையப் பேர் பிழைத்தார்கள். ஆனால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் அந்த மானியம்! இன்னொன்று, பைக்கின் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும்படி தடுப்பு வேண்டும், பின்னால் உட்காருகிறவர் துணி சிக்கக் கூடாது என்று 1989-ம் வருட மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறதாம். மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. நமக்கு வேண்டிய விதிதான். ஆனால் புடவை கட்டினவள் என்றால் பின்னால்தான் உட்காருவாள் என்றே எல்லோருக்கும் தோன்றுகிறது, பாருங்கள்.

எடுத்த எடுப்பில் டிரங்க் ரோட்டுக்குப் போக வேண்டாம். மெட்ரோ தூண்களுக்கு நடுவே லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற ரோடு அது. நான் ஒரு மாதம் எங்கள் தெருக்களிலேயே சுற்றினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குமணன்சாவடி வரை. அப்புறம்தான் வேலை நாளில். இப்போது மாமியாரை நான்தான் செக்கப்புக்குக் கூட்டிப் போகிறேன். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் உண்டு. அவர்தான் முணுமுணுப்பார், கொண்டை அமுங்குகிறதாம்!

டிரைவிங் ஸ்கூல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரம் எழுதும் முன் எந்த வண்டிக்கு என்று எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கியர் வண்டி சொல்லித் தர ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் எங்கள் தெருவிலிருந்தே நான்கு பேர் வருகிறோம்.

- ஒரு வாசகி, கரையான்சாவடி.