மாமாவின் மோட்டாரும் தொண்ணூறு கிலோமீட்டரும்

வேகக் கட்டுப்பாடு, கேமரா, சம்மன் என்று பேச்செடுத்தாலே போதும், நம் விடுதி அறைகளில் எல்லாரும் வழக்கறிஞர்கள் ஆகிவிடுகிறோம். "அரசாங்கத்துக்குக் காசு தேவை, அதான் கேமரா" என்பது முதல் வாதம். "வேகமா போறவன் எல்லாம் செத்தா போயிட்டான்?" என்பது இரண்டாம் வாதம். இந்த இரண்டையும் மேசையைத் தட்டிப் பேசியவன்தான் நானும். ஆகவே, அன்பர்களே, இக்கட்டுரையைக் கட்சி மாறிய ஒருவனின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில் உள்ள லிங்கி. போர்ட் டிக்சனையும் மலாக்காவையும் இணைக்கும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அக்கம்பக்கத்தில் முன்பு ரப்பர் மரங்கள், இப்போது செம்பனை. செம்பனைக்குள்ளிருந்து செம்மண் பாதைகள் வந்து பெரிய சாலையில் முட்டும். அப்படிப்பட்ட ஒரு பாதைதான் எங்கள் தோட்டத்துக்கும் வாசல். அங்கே விளக்குக் கம்பமும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. வார இறுதியில் கடற்கரைக்குப் பறக்கும் கார்களுக்கு அது ஒரு சந்தி என்றே தெரியாது. எங்களுக்கோ கடைக்குப் போவதும், பள்ளிக்குப் போவதும், கோயில் திருவிழாவுக்கு ஆள் வருவதும் அந்த ஒரே வழியில்தான்.

நான் படிவம் மூன்று படித்த ஆண்டு அந்தச் சந்தியில்தான் என் தாய்மாமா அடிபட்டார். பொழுது சாயும் ஏழு மணி வாக்கில் பழைய ஹோண்டா மோட்டாரில் ரொட்டி வாங்கப் புறப்பட்டவர், பெரிய சாலையில் ஏறிய இரண்டாவது வினாடியே கார் மோதித் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தார், வலது கால் பிழைக்கவில்லை. குலை அறுத்த மனிதர் அன்றிலிருந்து ஊன்றுகோலுடன்தான் நடக்கிறார்.

என்னை இன்றுவரை உறுத்துவது அந்த ஓட்டுநர் சொன்ன வார்த்தை. அவர் குடிகாரர் அல்லர், பந்தயம் விட்டவரும் அல்லர். மருத்துவமனைக்கே வந்து அழுதார். "தொண்ணூறுலதாங்க வந்தேன்" என்றார். மாமாவும் படுக்கையிலிருந்து அதையேதான் சொன்னார்: "அந்தப் பையன் மேல தப்பில்லடா. ரோட்டுக்குக் கொடுத்த ஸ்பீடுலதான் வந்திருக்கான்." கூட்டரசுச் சாலைகளுக்குத் தொண்ணூறு என்பது 1989-இல் நடப்புக்கு வந்த தேசிய வேக வரம்பு. சட்டத்தை மதித்து வந்த கார்தான் மாமாவின் காலை முறித்தது என்றால், குற்றம் ஓட்டுநரிடமா, அந்த எண்ணிடமா?

இதைப் பொறியியல் துறை நண்பன் ஒருவனிடம் கேட்டேன். பையன் தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி, காய்ந்த சாலை, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டால், அறுபதில் வரும் கார் ஏறத்தாழ 37 மீட்டரில் நின்றுவிடும். தொண்ணூறில் வரும் காருக்கு 70 மீட்டர் வேண்டும். இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அடுத்த வரி. அறுபதில் வந்த கார் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தைத் தொண்ணூறில் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 77 கிலோமீட்டர்! இரண்டு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில்தான் பார்த்தார்கள், ஒரே கணத்தில்தான் பிரேக்கை மிதித்தார்கள். ஒருவர் நிற்கிறார், மற்றவர் எழுபத்தேழில் மோதுகிறார். "நான் நல்லா ஓட்டுவேன்" என்ற பேச்செல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

பத்து கிலோமீட்டர் குறைத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்பார்கள். பிரான்சு நாட்டில் 2018 ஜூலையில் நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளின் வரம்பைத் தொண்ணூறிலிருந்து எண்பதுக்கு இறக்கினார்கள். மக்கள் கொதித்தார்கள். மஞ்சள் சட்டைப் போராட்டத்தின்போது அந்நாட்டுக் கேமராக்களில் பாதிக்கு மேல் உடைக்கப்பட்டன அல்லது சேதப்படுத்தப்பட்டன. ஆயினும் முதல் இருபது மாதங்களில் 349 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனமான செரெமா 2020-இல் கணக்குக் கொடுத்தது. நம் நாட்டிலும் பெருநாள் காலங்களில் தொண்ணூறை எண்பதாக்குகிறார்கள். பெருநாள் முடிந்ததும் பழையபடி தொண்ணூறு. மாமா அடிபட்டது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

இனி கேமராவுக்கு வருவோம். 2012 செப்டம்பரில் ஏ.இ.எஸ். கேமராக்கள் வந்தபோது சம்மன் 300 வெள்ளி. இரண்டு தனியார் நிறுவனங்களிடம் குத்தகை என்றதும் ஊரே எதிர்த்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தண்டத்தில் பங்கு பெறுபவன் விபத்து குறைய வேண்டும் என்றா ஆசைப்படுவான்? அந்த ஆண்டு முடிவதற்குள் நீதிமன்ற வழக்குகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2017-இல் அது 'அவாஸ்' எனப் பெயர் மாறியது. 2018-இல் போக்குவரத்து அமைச்சராக வந்த அந்தோணி லோக், கட்டப்படாமல் கிடந்த ஏறக்குறைய 31 லட்சம் சம்மன்களை ரத்து செய்து, 150 வெள்ளி என்று ஒரே தொகையாக்கினார். ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி ஆனான். இடையிடையே போலீஸ் சம்மனுக்குப் பாதி விலைக் கழிவு வேறு, தீபாவளி மலிவு விற்பனை மாதிரி! கழிவு வரும்வரை காத்திருப்பது நம் வீடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. விரைந்து கட்டுபவருக்கே அதிகக் கழிவு என்ற முறை 2026 ஜனவரி 1-இல்தான் நடப்புக்கு வந்தது.

ஆனால் குத்தகை கெட்டது என்பதால் கேமரா கெட்டதாகிவிடாது. பல நாடுகளின் 35 ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, கேமரா உள்ள இடங்களின் அருகே உயிர்ச்சேதமும் கடுங்காயமும் விளைவித்த விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டது. ஆய்வுகளின் தரம் சுமார்தான் என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் கை காட்டும் திசை ஒன்றே. கேமராவுக்கு முன் மிதித்துவிட்டு, தாண்டியதும் பறக்கிறோமே என்றால், அது உண்மைதான். நானும் அப்படித்தான் ஓட்டினேன். அதற்காகத்தான் இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை அளக்கும் முறையை 2025-இல் அறிவித்தார்கள்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு 150 வெள்ளி என்பது சம்பளத்தில் ஒன்பது விழுக்காடு. பெரிய கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு இரவுச் சாப்பாடு. வருமானத்துக்கேற்ற தண்டம் பின்லாந்தில் இருக்கிறது. நம் நாட்டில் அதைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

2016-இல் நம் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். 2023-இல் 6,443 பேர். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும். 2025 ஜூன் 9 விடியற்காலை கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் 15 மாணவர்கள் மாண்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம்மைப் போலப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறியவர்கள். அதற்குப் பிறகுதான் பேருந்து, லோரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டங்கட்டமாகச் சரிபார்க்கும் ஆணை அக்டோபரில் வந்தது.

கேமராவை இறக்கத்தில் ஒளித்து வைக்காமல், தோட்டச் சந்திகளில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள் என்பதே என் கட்சி. செம்மண் பாதை முட்டும் இடங்களுக்கு இருபுறமும் அரை கிலோமீட்டருக்கு அறுபது போடுங்கள். தொண்ணூறில் கடந்தால் இருபது வினாடி, அறுபதில் கடந்தால் முப்பது வினாடி. அவ்விரண்டு அரை கிலோமீட்டருக்குமாகக் கடற்கரைக்குப் போகிறவருக்கு நட்டம் மொத்தம் இருபது வினாடிதான்.

போன செமஸ்டர் விடுமுறையில் மாமாவை என் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு அதே சந்திக்கு வந்தேன். எஞ்சினை அணைக்கச் சொன்னார். "கண்ணால பார்க்காத, காதால கேளு. டயர் சத்தம் நின்னாத்தான் ஏறணும்" என்றார். ஐந்து நிமிடம் நின்றோம்.