ஆண்டு தெரியும், கவிதை தெரியாது

ஆங்கில இலக்கியத்தில் நெட் தேர்வுக்கு ஆயத்தமாகும் நண்பர்கள் காலவரிசைப் பட்டியல்களை மனனம் செய்வதிலேயே மாதங்களைக் கழிக்கின்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. விரிவாக எழுத வேண்டியிருந்த மூன்றாம் தாள் 2012-இல் கொள்குறி வடிவம் பெற்றது. இன்றைய இரண்டாம் தாளில் 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள்; ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லாததால், எவ்வினாவையும் விடாமல் குறித்துவிடுவதே உத்தி. சரியான உத்திதான்.

என் மறுப்பு வேறிடத்தில். வேர்ட்ஸ்வொர்த்தின் ‘த பிரிலூட்’ 1850-இல் வெளியானது என்ற செய்தி தேர்வுக்குப் போதும். அதன் 1805 வடிவத்தையும் 1850 வடிவத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கோ, பிரெஞ்சுப் புரட்சியில் களித்த கவிஞர், அப்புரட்சியைச் சாடிய எட்மண்ட் பர்க்கைப் போற்றும் வரிகளைப் பின்னாளில் சேர்த்தது புலப்படும். ஏன் சேர்த்தார் என்று கேட்கும்போதே திறனாய்வு தொடங்குகிறது.

2024 முதல், இளநிலை ஆய்வு நிதி பெறாதோரின் முனைவர் பட்டச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்துக்கு 30 விழுக்காடும் என யுஜிசி வகுத்துள்ளது. அந்த 30-இலேனும், முன்பின் அறியாத கவிதை ஒன்றைக் கையில் கொடுத்துக் கால்மணி நேரம் பேசச் சொல்லலாமே, பேராசிரியப் பெருமக்களே?