அழைப்பிதழ் வேடத்தில் கள்வன்



வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஊர்த் திருமண அழைப்பிதழ் இக்காலத்தில் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. கள்வர்க்கும் அதுவே வாயிலாகிவிட்டது. கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடியுமாயின் அஃது அழைப்பிதழன்று, ஒரு செயலி. அதனை நிறுவிக் கேட்ட அனுமதிகளையெல்லாம் அளித்தால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. கள்வர் கைக்குச் சென்றுவிடும். இவ்வாறு வேடமிட்டு நுழைவதை ‘ட்ரோஜன்’ என்பர்.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது ‘ரான்சம்வேர்’. 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்பது சுமார் 150 நாடுகளில் பரவிற்று. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; அதனைப் பதியாத கணினிகளே பெரிதும் சிக்கின.

ஆதலின் அப்டேட்டைத் தள்ளிப்போடலாகாது. முக்கியக் கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் வைத்தல் வேண்டும். செயலிகளைப் பிளே ஸ்டோர் போன்ற உரிய இடத்திலிருந்து மட்டுமே பெறுக. உறவினர் எண்ணிலிருந்து வந்ததாயினும், ஐயமிருப்பின் அவரை அழைத்துக் கேளுங்கள். அவர் கைப்பேசியும் கள்வர் வசமாகியிருக்கலாம். நலம் விசாரித்ததாகவும் ஆகும்.

பணம் பறிபோயின், அக்கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள், எம்மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம். வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.